தங்கராசுவுக்கு ஊசி

செல்வரத்தினத்துக்கு ஊசியென்றால் பயம். சும்மா பயமில்லை. குருநாகலில் கடை வைத்திருந்த காலத்தில் ஒருமுறை காலில் ஆணி ஏறி, ஏற்பூசி போடப் போனார். போன இடத்தில் தாதி மருந்துக் குப்பியைக் குலுக்கிய சத்தத்துக்கே இருந்த வாங்கோடு சரிந்து விழுந்தார். ஆளைப் பார்த்தால் யாரும் நம்ப மாட்டார்கள். பனங்குத்தி மாதிரி உடம்பு. துள்ளுகிற கிடாயைக் கொம்பில் பிடித்து மடக்கி நிலத்தில் சாய்க்கிற கை. அந்தக் கைதான் ஊசி என்ற சொல்லைக் கேட்டாலே வேர்த்துப் போகும். அப்படிப்பட்ட மனிதரிடம், ஒரு முயலுக்கு நாள்தோறும் ஊசி போடுகிற வேலையைக் கொடுத்துவிட்டு தீவைக் காக்கிற நயினை அம்மன் கோபுரத்தில் ஏறியிருந்து வேடிக்கை பார்த்தாள் என்றுதான் சொல்ல வேண்டும்.

முயலின் பெயர் தங்கராசு. அது அவர் மனைவி இராசேஸ்வரியின் முயல். ஒரு திருவிழாவுக்குக் கொழும்பிலிருந்து வந்த சொந்தக்காரப் பிள்ளைகள் உள்ளங்கை அளவு குட்டியாய்க் கொண்டு வந்து, படகு ஏறுகிற அவசரத்தில் விட்டுப் போனது. பழுத்த பனங்காய்க்கும் பொன்னுக்கும் இடைப்பட்ட ஒரு நிறம். மகள் கஜானி கலியாணம் முடித்துக் கனடா போன பிறகு, வாயை மூடிக்கொண்டு சுவரைப் பார்த்தபடி இருந்த மனிசி இந்த முயலோடுதான் திரும்பக் கதைக்கத் தொடங்கினாள். முதலில் முயலோடு, பிறகு ஆட்டோடு, கடைசியாகப் புருசனோடு. அதனால் தங்கராசுவிடம் செல்வரத்தினத்துக்கு ஒரு நன்றிக்கடன் இருந்தது, வெளியில் சொல்ல மாட்டார்.

இப்போது கஜானிக்குப் பிள்ளைப்பேறு. இராசேஸ்வரி கனடா போய்விட்டாள். போகும்போது இறங்குதுறையில் வைத்து, புருசன் என்ன சாப்பிடுவார், எங்கே உடுப்புத் தோய்ப்பார் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"இஞ்சாருங்கோ, தங்கராசுவை வடிவாய்ப் பாருங்கோ. அதுக்கு ஒண்டு நடந்துதெண்டால் எனக்குத் திரும்பி வாறதுக்கு மனம் வராது," என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் கண் சிரிக்கவில்லை. செல்வரத்தினம் அதைக் கவனித்தார்.

ஆவணியில் தங்கராசுவின் தாடைக்குக் கீழே ஒரு கட்டி எழும்பியது. முதலில் நெல்லிக்காய் அளவு. பிறகு அது தேசிக்காய் ஆயிற்று. முருங்கை இலையை நீட்டினால் மணந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. செல்வரத்தினம் ஆட்டுக்குக் குழை ஒடிப்பதையும் விட்டுவிட்டு, பனையோலைக் கடகத்துக்குள் சாக்கை விரித்து முயலை வைத்துக்கொண்டு படகேறினார். சோழகக் காற்று படகைத் தூக்கித் தூக்கிப் போட்டது. பக்கத்திலிருந்த மனிதர் கடகத்துக்குள் எட்டிப் பார்த்து, "நல்ல கொழுத்த சாமான் அண்ணை, சரக்குத் தூள் கூடப் போட்டுப் பிரட்டினால்..." என்று தொடங்கினார். செல்வரத்தினம் பார்த்த பார்வையில் அவர் மற்ற ஆசனத்துக்கு மாறிவிட்டார்.

குறிகட்டுவானில் இறங்கி, பஸ் பிடித்து, மிருக வைத்தியரிடம் போனார். பிரியவதனி என்று ஒரு இளம் பிள்ளை. கட்டியைக் கீறிச் சீழை எடுத்து, கழுவி, மருந்து வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"ஐயா, சீழ் திரும்ப வைக்காமல் இருக்க மருந்து தர வேணும். இதை வாயாலை குடுக்கேலாது. முயலின்ரை வயிறு தாங்காது, கழிஞ்சு செத்துப்போம். தோலுக்குக் கீழை ஊசியாலைதான் குடுக்க வேணும். நாளுக்கு ஒருக்கா. ஒரு நாளும் விடக்கூடாது."

"அப்ப ஒவ்வொரு நாளும் கொண்டு வரட்டோ பிள்ளை?"

"உந்தக் காத்துக்கை வள்ளத்திலை ஏத்தி இறக்கினால் கட்டியாலை சாக முதல் பயத்திலை செத்திடும். வீட்டிலை போடுங்கோ."

"வீட்டிலை ஆர் போடுறது?"

"நீங்கள்தான்."

செல்வரத்தினம் பின்னால் திரும்பிப் பார்த்தார். ஒருவரும் நிற்கவில்லை.

அந்தப் பிள்ளை பொறுமையாகத்தான் காட்டிக் கொடுத்தது. துவாயால் முயலைச் சுற்றி, தலையை மட்டும் வெளியே விட்டு, கழுத்துக்குப் பின்னால் தோலைக் கிள்ளித் தூக்கியது. "கண்டியளே, கூடாரம் மாதிரி நிக்குது. உந்த வாசலுக்கை ஊசியைச் சரிச்சு விடுங்கோ. ஆட்டைப் பிடிக்கிற மாதிரி அமத்திப் போடாதையுங்கோ, துள்ளினால் தன்ரை நாரி எலும்பைத் தானே முறிச்சுப்போடும். விளங்குதோ ஐயா?"

"ஓம் ஓம்," என்று செல்வரத்தினம் பலமாகத் தலையாட்டினார். ஊசி வெளியே வந்த நேரத்திலிருந்து அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டு நின்றதை அவள் கவனிக்கவில்லை.

மறுநாள் பின்னேரம் குசினி மேசையில் கத்தரிக்காயை வைத்துப் பழகிப் பார்த்தார். கத்தரிக்காய் அசையாமல் கிடந்தது. குத்தினார், தண்ணீரை ஏற்றினார், ஒரு குறையும் சொல்லவில்லை. அட, இவ்வளவுதானா என்று ஒரு வீரம் வந்துவிட்டது. அந்த வீரத்தோடு தங்கராசுவைத் தூக்கினார். ஆனால் பழகின கை என்ன செய்யும்? ஆட்டுக்குச் செய்வதைத்தான் செய்யும். துவாயும் இல்லை, கூடாரமும் இல்லை, இரண்டு முழங்காலுக்கும் நடுவே வைத்து ஒரு நெரி. தங்கராசு பின்னங்காலால் விட்டது ஒரு உதை. ஊசி ஒரு பக்கம், மருந்து ஒரு பக்கம், செல்வரத்தினம் ஒரு பக்கம். முயல் அலுமாரிக்குக் கீழே போய் ஒளிந்துகொண்டது. நல்ல காலம், நாரிக்கு ஒன்றும் ஆகவில்லை, முயலுக்கும் மனிதருக்கும்.

அந்த நேரம் பார்த்து இராசேஸ்வரியின் வீடியோக் கோல் வந்தது.

"எங்கை தங்கராசு?"

"அலுமாரிக்குக் கீழை."

"ஏன் அங்கை?"

"வெக்கை தாங்கேலாமல் படுத்திருக்குது."

"அப்ப உங்கடை நெஞ்சிலை என்ன கீறல்?"

அவ்வளவுதான். கட்டி, சீழ், டொக்டர் பிள்ளை, கத்தரிக்காய் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வெளியே வந்தன. இராசேஸ்வரி அழவில்லை, கோபிக்கவும் இல்லை. அதுதான் அவருக்கு இன்னும் பயமாக இருந்தது.

"அண்ணையைக் கூப்பிடுங்கோ," என்றாள். "அவர் சீனி வருத்தத்துக்குத் தன்ரை வயித்திலை தானே காலமை பின்னேரம் ஊசி போடுறவர். அவருக்கு உது ஒரு வேலையே?"

"ஆரை? ஐயாத்துரையையோ? உந்த முயல் செத்தாலும் அவன்ரை படலையை நான் மிதியன்!"

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்தார். திரையில் அவள் முகம் அப்படியே நின்றது. கோல் அறுந்துவிட்டதா, அவள்தான் அப்படி இருக்கிறாளா என்று அவருக்குத் தெரியவில்லை.

ஐயாத்துரை இராசேஸ்வரியின் தமையன். அடுத்த வளவில் வீடு. செல்வரத்தினமும் அவரும் ஒரே வகுப்பில் படித்து, ஒரே வாத்தியாரிடம் அடி வாங்கியவர்கள். இரண்டு வளவுக்கும் எல்லையில் ஒரு பங்குக் கிணறு. தீவில் நல்ல தண்ணீர் என்பது உவருக்கு மேலே மெல்லிய ஆடையாய் மிதக்கிற சாமான். வாளியால் அள்ளினால் தங்கும், அவசரப்பட்டு இறைத்தால் அடியிலிருந்து உவர் ஏறிவிடும். இது தெரிந்தும் ஐயாத்துரை, பாரிசிலிருக்கிற மகன் காசு அனுப்பினான் என்று மோட்டர் ஒன்றைப் பூட்டினார். அந்தக் கோடையிலேயே கிணறு உவர்த்தது. தேத்தண்ணி வாயில் வைக்க ஏலவில்லை. செல்வரத்தினம் கிணற்றுக்கட்டில் ஏறி நின்று ஊர் கேட்கப் பேசினார். ஐயாத்துரை திருப்பிப் பேசினார். பிறகு மாரி பெய்து கிணறு இனித்துவிட்டது, மோட்டரும் கறள் பிடித்துப் போனது. கதை பேச்சு மட்டும் திரும்பவில்லை. ஐயாத்துரையின் மனைவி காலமான செத்த வீட்டில்கூடச் செல்வரத்தினம் பந்தல் கட்டினார், பாடை சுமந்தார், வாயைத் திறக்கவில்லை. ஒரே கிணற்றில் இந்தப் பக்கம் இவர் வாளி, அந்தப் பக்கம் அவர் வாளி. இரண்டு வாளியும் உள்ளே முட்டிக்கொண்டாலும் மேலே இரண்டு பேரும் வானத்தைப் பார்ப்பார்கள்.

அன்று பொழுதுபட முதலே கிணற்றடிப் படலை கிறீச்சிட்டது. ஐயாத்துரை. வெள்ளைச் சாறம், கையைப் பின்னால் கட்டிய நடை. செல்வரத்தினத்தைப் பார்க்காமல் நேரே வந்து, முயல் கூட்டுக்கு முன்னால் குந்தினார்.

"தங்கராசு, உன்ரை கொம்மா கனடாவிலையிருந்து ரெலிபோனிலை அழுதவ. அவவுக்காக வந்தனான். வேறை ஒருதருக்காகவும் இல்லை."

ஊரில் கதை பேச்சில்லாதவர்கள் இப்படித்தான். காகத்துக்குச் சொல்வார்கள், நாய்க்குச் சொல்வார்கள், கேட்க வேண்டியவருக்குக் கேட்கும். செல்வரத்தினத்துக்கும் அந்த முறை தெரியும். அவரும் கூட்டைப் பார்த்தே சொன்னார்.

"தங்கராசு, வந்த ஆளைக் கதிரையிலை இருக்கச் சொல்லு."

"நான் இருக்க வரேல்லை எண்டு சொல்லு. மருந்து எங்கை எண்டு கேள்."

"பிறிஜ்ஜுக்கை இருக்கெண்டு சொல்லு."

"குலுக்கிப்போட்டு, கோட்டுக்குச் சரியாய் இழுத்துத் தரச் சொல்லு, உன்ரை கொப்பரிட்டை."

செல்வரத்தினத்துக்குக் கோபம் வந்தது. "ஊசி போட வந்தவர் மருந்தும் இழுக்க மாட்டாரோ எண்டு கேள் தங்கராசு."

"சும்மா நிக்கிற ஆள் அதையாவது செய்யட்டும் எண்டு சொல்லு."

தங்கராசு மூக்கை ஆட்டிக்கொண்டு இருந்தது. வேறு வழியில்லை. செல்வரத்தினம் மருந்துக் குப்பியைக் குலுக்கினார். அந்தச் சத்தம் கேட்டதும் சுவரில் சாய்ந்துகொண்டார். ஆனால் விழவில்லை. ஐயாத்துரைக்கு முன்னால் விழுவதைவிடச் சாவது மேல். பால் மாதிரி வெள்ளையான மருந்தைக் கோடு வரைக்கும் இழுத்துக் கொடுத்தார். பிறகு முயலைத் துவாயால் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பினார். ஐயாத்துரை விரலால் தடவித் தோலைக் கிள்ளித் தூக்கினார்.

"முடிஞ்சுது தங்கராசு. நீ சிங்கக்குட்டி. உன்னை வைச்சிருக்கிறவர்தான் நடுங்கிறார்."

செல்வரத்தினம் குசினிக்குப் போனார். சிறிது நேரத்தில் வந்து, "தங்கராசு, சீனி போடாத தேத்தண்ணி ஒண்டு மேசையிலை ஆறுது," என்றார்.

அன்று தொடங்கியது. ஒவ்வொரு பின்னேரமும், ஆடுகள் பட்டிக்குத் திரும்பும் நேரத்தில், படலை கிறீச்சிடும். முதலில் ஊசிக் கதை மட்டும்தான் முயல் வழியாகப் போனது. பிறகு மெல்ல மெல்ல மற்றதும் போகத் தொடங்கியது. தேங்காய் முட்டுக்காய் ஒன்று என்ன விலை விற்கிறது, எந்தப் படகு பழுது, திருவிழாவுக்கு வந்த சுவிஸ்காரர் எந்தக் காணியை விலை கேட்டார், ஐயாத்துரை வைத்த கீரைப் பிட்டு ஏன் குழைந்து போனது, எல்லாம் தங்கராசுவின் காதுக்குத்தான்.

"மாவை வறுக்காமல் அவிச்சால் குழையாமல் என்ன செய்யும் எண்டு சொல்லு தங்கராசு."

"எனக்கு மாவறுக்கக் காட்டித் தர ஆள் இல்லை எண்டு சொல்லு."

அடுத்த நாள் மேசையில் தேத்தண்ணியோடு ஒரு போத்தல் வறுத்த மாவும் இருந்தது.

ஒருநாள் ஐயாத்துரை வந்த நேரம் தங்கராசு நல்ல நித்திரை. இரண்டு பேரும் எதிர் எதிரே கதிரையில் இருந்து, அது எழும்பும்வரை ஒரு வார்த்தை கதைக்காமல் காத்திருந்தார்கள். கனடாவில் இதைக் கேட்ட இராசேஸ்வரி, பேரப்பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, பிள்ளை திடுக்கிட்டு அழுகிற அளவுக்குச் சிரித்தாள். கட்டி வற்றிக்கொண்டு வந்தது. தங்கராசு முருங்கை இலையை வாங்கி மெல்லத் தொடங்கியது. "வாற மாதம் வந்திடுவன், அதுக்கிடையிலை காயம் ஆறிடும் என்ன?" என்று அவள் கேட்க, "ஆறாமல்?" என்று செல்வரத்தினம் நெஞ்சை நிமிர்த்தினார், தானே ஊசி போட்டவர் மாதிரி.

ஒரு பின்னேரம் ஐயாத்துரை, "தங்கராசு, நாளைக்கு யாழ்ப்பாணத்திலை கண் கிளினிக். பின்னேர வள்ளத்துக்கு வந்து உனக்குப் போடுவன்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் மத்தியானம் காற்று மாறி அடித்தது. பனைகளில் காவோலை படபடவென்று விழுந்தது. செல்வரத்தினம் ஆடுகளை நேரத்தோடு கட்டிவிட்டு இறங்குதுறைக்குப் போனார். கடல் சாம்பல் நிறத்தில் கொதித்துக்கொண்டு கிடந்தது. படகுகள் எல்லாம் கட்டியபடி நின்றன. "இண்டைக்கு இனி ஓட்டம் இல்லை அண்ணை," என்றான் கயிறு இறுக்கிக்கொண்டிருந்தவன். ஒரு நாளும் விடக்கூடாது என்று அந்தப் பிள்ளை சொன்னது செல்வரத்தினத்தின் காதில் கேட்டது. வீட்டுக்கு எப்படி வந்தார் என்று அவருக்கே தெரியாது.

வந்து தங்கராசுவின் தாடையைத் தடவிப் பார்த்தார். அந்த இடம் இன்னும் கொஞ்சம் தடிப்பாகத்தான் இருந்தது. ஊரில் யாரைக் கூப்பிடலாம் என்று யோசித்தார். ஆஸ்பத்திரித் தாதிமார் மனிதருக்குப் போடுவார்கள், முயலைக் கொண்டு போனால் சிரிப்பார்கள். சிரித்தாலும் பரவாயில்லை என்று கடகத்தை எடுத்த நேரத்தில் கைத்தொலைபேசி அடித்தது. திரையில் 'ஐயாத்துரை மச்சான்' என்று கிடந்தது. எப்போதோ கஜானி பதிந்து கொடுத்த பெயர். மூன்று வருடமாக அந்தப் பெயர் திரையில் வரவேயில்லை. அழிக்கவும் அவருக்கு மனம் வரவில்லை.

எடுத்தார். காதில் வைத்தார். மறுபக்கம் காற்றுச் சத்தம்.

"தங்கராசுவிட்டைக் குடு போனை," என்றது குரல்.

செல்வரத்தினம் சத்தத்தைக் கூட்டி, தொலைபேசியைக் கூட்டுக்குள் வைத்தார். தங்கராசு அதை மணந்து பார்த்தது.

"தங்கராசு, நான் குறிகட்டுவானிலை நிக்கிறன். வள்ளம் இல்லை. இண்டைக்கு உன்ரை கொப்பர்தான் போட வேணும்."

"தங்கராசு, ஏலாதெண்டு சொல்லு!"

"ஏலும் எண்டு சொல்லு. மருந்து இழுக்கிறது, உன்னைப் பிடிக்கிறது ரெண்டும் அவருக்குத் தண்ணி பட்ட பாடு. மிச்சம் ஒரு குத்துத்தான். துவாயை எடுக்கச் சொல்லு."

துவாயை எடுத்தார். மருந்தை இழுத்தார். முயலைச் சுற்றி மடியில் வைத்து, முழங்கையால் அணைத்துக்கொண்டார். இடக்கையால் தோலைக் கிள்ளித் தூக்கினார். அம்மாளாச்சி என்று கண்ணை மூடிக்கொண்டு ஒரு குத்து, ஒரு தள்ளு.

"போட்டாச்சோ எண்டு கேள்."

விரலில் ஏதோ ஈரமாகப் பட்டது. கண்ணைத் திறந்து பார்த்தார். பொன்மயிரில் வெள்ளை மருந்து வழிந்துகொண்டிருந்தது. இந்தப் பக்கத்தால் போன ஊசி அந்தப் பக்கத்தால் வந்திருந்தது. கூடாரத்தின் இரண்டு சீலையையும் குத்திக் கடந்திருக்கிறார் மனிதர்.

"தங்கராசு... எல்லாம் வெளியிலை ஊத்துப்பட்டுப் போச்செண்டு சொல்லு."

"கண்ணை மூடினவரோ?"

தங்கராசு ஒன்றும் சொல்லவில்லை. செல்வரத்தினம் துவாய் நுனியால் நனைந்த மயிரைத் துடைத்தார்.

"மூடித்தான் இருப்பார். பரவாயில்லை. புது ஊசி ஒண்டு எடுத்து, திரும்ப அந்த அளவு இழுக்கச் சொல்லு. கண்ணைத் திறந்து வைச்சுக்கொண்டு போடச் சொல்லு தங்கராசு. பிள்ளைக்குக் காது குத்தேக்கை பிடிச்சுக்கொண்டு இருந்தவர்தானே எண்டு கேள். அந்த மனிசனுக்கு ஏலும்."

காது குத்தின நாளில் கஜானியை விட அவர்தான் கூட அழுதார். அது ஐயாத்துரைக்கும் தெரியும். தெரிந்துகொண்டும் அதைச் சொல்லாமல் விட்டதைச் செல்வரத்தினம் கவனித்தார். புது ஊசி எடுத்தார். திரும்பக் கோடு வரைக்கும் மருந்தை இழுத்தார். முயலின் நெஞ்சு அவர் மடியில் படபடவென்று அடித்தது. அட, இதுவும் என்னை மாதிரிப் பயந்த சாமான்தானே என்று முதல் தடவையாக நினைத்தார். நினைத்ததும் அதன் காதை ஒருமுறை தடவிக் கொடுத்தார். கண்ணை முழிசிக்கொண்டு, தோலைத் தூக்கி, வாசலைப் பார்த்து, சரித்து விட்டார். மெதுவாகத் தள்ளினார். தோலுக்குக் கீழே மருந்து ஒரு சின்னக் குமிழாய் எழும்பியதை விரல் உணர்ந்தது. மயிர் காய்ந்தபடி இருந்தது. தங்கராசு காதைக்கூட அசைக்கவில்லை. துவாய்க்குள்ளிருந்து தலையை நீட்டி, மேசையில் கிடந்த முருங்கைக் கொப்பை எட்டி இழுத்தது.

"மச்சான்!" என்று செல்வரத்தினம் கத்தினார். கத்தின கத்தில் பட்டியில் ஆடுகள் எழும்பிவிட்டன. "மச்சான், போட்டிட்டன்ரா! ஒரு துளி வெளியிலை வரேல்லை! கண்ணைத் திறந்துகொண்டு போட்டனான் மச்சான்!"

மறுபக்கம் காற்றுச் சத்தம் மட்டும் கேட்டது. அப்போதுதான் செல்வரத்தினத்துக்குத் தான் யாரோடு நேரே கதைத்துவிட்டோம் என்று உறைத்தது.

"நிக்கிறியே?" என்று மெதுவாகக் கேட்டார்.

"நிக்கிறன்." ஐயாத்துரையின் குரல் காற்றுக்கு மேலாக வந்தது. "திரும்பச் சொல்லு."

"போட்டிட்டன்."

"அது கேட்டது. அதுக்கு முதல் சொன்னது."

செல்வரத்தினம் தொலைபேசியைக் கூட்டிலிருந்து எடுத்தார். "மச்சான்," என்றார். பிறகு, அழுதுவிடுவேனோ என்ற பயத்தில் சத்தமாக, "எங்கையடா படுக்கப் போறாய்? ஏதும் திண்டனியே? வெறும் வயித்தோடை கிடந்து மயங்கி விழாதை!" என்று ஏசத் தொடங்கினார்.

அடுத்த நாள் காற்று ஓய்ந்து படகு ஓடியது. செல்வரத்தினம் இறங்குதுறையில் நின்றார். ஐயாத்துரை படகிலிருந்து காலைத் தடவி வைத்து இறங்கினார். செல்வரத்தினத்தின் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தார். வழியில் அதிகம் கதைக்கவில்லை. பழக்கம் விட்டுப்போன நாக்கு இரண்டும். வீட்டுக்கு வந்து கதிரையில் இருந்த பிறகுதான் ஐயாத்துரை வாயைத் திறந்தார்.

"மச்சான், சீனி வருத்தம் கண்ணுக்குப் போயிட்டுதாம். உன்னைக் கோடு பார்த்து மருந்து இழுக்கச் சொன்னது அதிகாரத்துக்கு இல்லை. எனக்கு அந்தக் கோடு தெரியேல்லை."

செல்வரத்தினம் திகைத்துப் போனார். "அப்ப உன்ரை ஊசியை எப்பிடியடா இவ்வளவு நாளும் போட்டனீ?"

"ஒரு குத்துமதிப்புத்தான். டொக்டர் நல்லாய் ஏசிப்போட்டார். மருந்து கூடிப் போனால் நித்திரையிலேயே போயிடுவாயாம். இனிமேல் தனியப் போடக்கூடாதாம், ஒருதர் அளவு பார்த்துப் போட்டுவிட வேணுமாம். வீட்டிலை ஆர் இருக்கினம் எண்டு கேட்டார்."

"நீ என்ன சொன்னனீ?"

ஐயாத்துரை கூட்டைப் பார்த்தார். பிறகு செல்வரத்தினத்தை நேரே பார்த்தார்.

"மச்சான் இருக்கிறான், அவன் போடுவான் எண்டு சொன்னன்."

"எப்ப?"

"நேற்றுக் காலமை."

"காலமையோ? காலமை நீயும் நானும் கதைக்கிறேல்லையே! ஊசியைக் கண்டால் விழுற ஆள் எண்டும் உனக்குத் தெரியுமே!"

"ஓம், தெரியும். ஆனால் வேறை ஆற்றை பேரைச் சொல்லுறது மச்சான்?"

செல்வரத்தினம் எழும்பிப் போய்ச் சவர்க்காரம் போட்டுக் கையை இரண்டு தரம் கழுவினார். ஐயாத்துரையின் பையைத் திறந்து மருந்தை எடுத்து ஊசியில் இழுத்து, யன்னல் வெளிச்சத்தில் பிடித்து, கோட்டை ஒன்றுக்கு இரண்டு முறை பார்த்தார்.

"சட்டையைத் தூக்கு மச்சான்," என்றார். "துள்ளினியெண்டால் துவாயாலை சுத்துவன்."